"அதற்குப் பெயர் என்ன ஐயா?": தத்துவ உரையாடல் அரங்கின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினர்க்கு,

சென்ற மாதக் கூட்டத்தில் நீங்கள் நடைமுறைக்குக் கொண்டுவந்த புதிய விதியைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். "பேச்சாளர் தாம் கையாளும் சொற்களுக்குத் தாமே பொருள் வரையறுத்துக்கொள்ளலாம், அந்த வரையறையை அவையினர் கேள்விக்கு உட்படுத்தலாகாது" என்பது அந்த விதி. சுற்றறிக்கையில் படித்தபோதே என் மனம் ஒப்பவில்லை. ஒரு கூட்டம் நடந்து முடியட்டும், பிறகு பேசலாம் என்று இருந்தேன். நடந்து முடிந்துவிட்டது. இனியும் பேசாமல் இருக்க முடியாது.

அன்றைய தலைப்பு, 'கடலில் மனிதருக்கு உரிமை உண்டா?' வடக்கே பாக் நீரிணையும் தெற்கே மன்னார் வளைகுடாவுமாக இரண்டு கடலுக்கு நடுவில் கிடக்கிற நம் ராமநாதபுரத்துக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்காது. அதனால்தான் வழக்கமாக வராத பலர் அன்று வந்திருந்தார்கள். பேச்சாளர் எழுந்ததும் சொன்ன முதல் வாக்கியம் இது: "உரிமை என்று நான் சொல்வது, எழுத்து ஆவணத்தால் மெய்ப்பிக்கக்கூடிய உடைமையை மட்டுமே." பிறகு முக்கால் மணி நேரம் பேசினார். ஆவணம் கரையோடு நின்றுவிடுகிறது. கடலுக்குப் பட்டா கிடையாது. ஆகவே கடலில் எவருக்கும் உரிமை கிடையாது. அடுக்கடுக்காக, பிசகில்லாமல் பேசினார். அந்த முதல் வாக்கியத்தை விழுங்கிவிட்டால் மற்றதெல்லாம் தானாகவே தொண்டைக்குள் இறங்கிவிடும்.

விழுங்காத ஒருவர் இருந்தார். பாம்பன் பக்கத்திலிருந்து வந்திருந்த, கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் அம்மா ஒருவர், கடைசி வரிசையிலிருந்து எழுந்தார். "எங்கள் அம்மாவும் அவர் அம்மாவும் அந்தத் தீவுகளுக்குப் போய்ப் பாசி எடுத்துத்தான் எங்களை வளர்த்தார்கள். அதற்கு உரிமை என்ற பெயர் இல்லையென்றால், அதற்குப் பெயர் என்ன ஐயா?" என்று கேட்டார். அவர் கேட்டது அவ்வளவுதான். கூட்டத்தை நடத்தியவர் சுற்றறிக்கையை எடுத்துக் காட்டி, பேச்சாளரின் வரையறையைக் கேள்வி கேட்க விதி இடம் தரவில்லை என்றார். அந்த அம்மா கொஞ்ச நேரம் நின்றார். கையில் இருந்த துணிப்பையை ஒருமுறை மடித்தார், மறுபடி விரித்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். நான் அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி இருந்தேன், நானும் எழுந்திருக்கவில்லை. அது என் தவறு. இந்த மடல் அதற்கும் சேர்த்துத்தான்.

கூட்டம் முடிந்ததும் குறிப்பேட்டைப் பார்த்தேன். "முடிவு: மீனவர் உள்ளிட்ட எவருக்கும் கடலில் உரிமை இல்லை என நிறுவப்பட்டது" என்று எழுதியிருக்கிறது. பேச்சாளரின் தனிப்பட்ட வரையறை அங்கே ஒரு வரிகூட இல்லை.

என் முறையீடு முழுவதும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. வாதத்தின் வாசலில் 'உரிமை' அவருடைய சொந்தச் சொல்லாக நுழைந்தது. வெளியே போகும்போது நம் எல்லோருடைய சொல்லாகப் போனது. நாளை அந்தக் குறிப்பேட்டைப் படிக்கிற கல்லூரி மாணவர், 'உரிமை' என்ற சொல்லைத் தாம் அறிந்த பொருளில்தான் படிப்பார். அவருக்கு எட்டுவது, இந்த அரங்கில் எவரும் நிறுவாத ஒரு முடிவு. பேச்சாளர் தம் வரையறைக்கு உண்மையாக இருந்திருந்தால், "கடலுக்கு எழுத்து ஆவணம் கிடையாது" என்று சொல்லி உட்கார்ந்திருக்க வேண்டும். அதைச் சொல்ல முக்கால் மணி நேரம் தேவையில்லை; அதை மறுக்கவும் யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

நான் பத்திரம் எழுதிப் பிழைப்பவன். முப்பது வருடமாக எனக்குச் சோறு போடுவது எழுத்து ஆவணம்தான். ஆவணத்தின் மதிப்பை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் சொல்கிறேன்: ஆவண உலகமே 'உரிமை'யை அந்தப் பேச்சாளரைப் போலச் சுருக்கியதில்லை. 1882ஆம் ஆண்டின் பாத்தியதைச் சட்டத்தை (Easements Act) பாருங்கள். ஒருவர் ஒரு வழியைத் தமக்கு உரியதென்று வெளிப்படையாக, அமைதியாக, தடையில்லாமல் 20 ஆண்டு நடந்து வந்திருந்தால், அந்த நடையே உரிமையாகிவிடும் என்கிறது. ஒரு துண்டுக் காகிதம் வேண்டாம். அந்தச் சட்டம் கடலுக்குப் பொருந்தும் என்று நான் வாதாட வரவில்லை. 'காகிதம் இல்லாத உரிமை' என்ற பேச்சு நம் வழக்கில் எவ்வளவு ஆழமாக ஊன்றியிருக்கிறது என்று காட்டத்தான் சொல்கிறேன். தீவுகளைக் காக்க வேண்டும் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 1986இல் மன்னார் வளைகுடாவின் அந்த 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் தேசியப் பூங்கா ஆனபோது, எந்த உரிமை எந்தக் காப்புக்கு வழிவிட வேண்டும் என்ற கேள்வி எழுந்தது, இன்னும் தீரவில்லை. அது உண்மையான தத்துவக் கேள்வி. இரண்டு நியாயங்கள் மோதுகிற கேள்வி. 'உரிமை'யை முதல் வாக்கியத்திலேயே கொன்றுவிட்டால், மோதுவதற்கு எதிரில் யார் மிச்சம்?

பத்திரத்திலும் சொற்களுக்கு நாங்களே பொருள் வரையறுப்பது உண்டு. "இதில் சொத்து என்று குறிக்கப்படுவது அடியில் கண்ட நான்கெல்லைக்கு உட்பட்டது" என்று எழுதுவோம். உலகத்துச் சொத்தெல்லாம் அந்த நான்கெல்லைக்குள் அடங்கிவிடும் என்று யாரும் நினைப்பதில்லை. அந்த வரையறை செல்லுபடியாவதற்குக் காரணங்கள் உண்டு. பத்திரத்தைப் படித்துக் காட்டிய பிறகு, இருதரப்பும் அதற்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டிருக்கிறார்கள்; அது அந்தப் பத்திரத்தோடு நிற்கிறது. எழுதிக் கொடுப்பவர் தம் இஷ்டத்துக்கு எல்லை சொல்லிவிட்டு, எழுதி வாங்குபவர் வாய் திறக்கக் கூடாது என்றால் அதை இருதரப்பும் ஒப்பிய பத்திரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நீங்கள் கொண்டுவந்திருக்கும் விதி, எதிர்த்தரப்பின் கையெழுத்தில்லாத பத்திரம்.

சொற்பொருளைப் பற்றி நான் முதலில் கற்றது பத்திரத்தில் அல்ல, கயிற்றில். தேவிபட்டினம் பக்கத்தில் பிறந்தவன் நான். அப்பாவும் சித்தப்பாவும் வத்தை என்கிற படகில் கடலுக்குப் போனவர்கள். ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வார்கள். இரண்டு கையையும் அகல விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை ஒரு பாகம். ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் விட்டு, தரை தட்டியதும் இழுத்து, கையை விரித்து விரித்து அளப்பார்கள். அப்பா நெட்டையர், சித்தப்பா குட்டை. அப்பா மூன்று பாகம் என்ற இடத்தில் சித்தப்பா மூன்றரை என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் கைக்கு அவரவர் பாகம். ஆனால் வலை ஒன்றுதான், கடலும் ஒன்றுதான். சித்தப்பாவின் கை குட்டை என்பதற்காகக் கடல் அரைப்பாகம் கீழே போய்விடாது.

ஒரு நாள் அந்த அரைப்பாக வித்தியாசத்தில் வலை தரையில் உரசி, பார் என்கிற கடலடிப் பாறையில் சிக்கிக் கிழிந்தது. அன்று மாலை கரையில் உட்கார்ந்து அப்பா கயிற்றை மணலில் நீட்டிப் போட்டார். சித்தப்பா ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டார். அப்பாவின் கையால் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு முடிச்சு போட்டார்கள். ஐந்தாவது முடிச்சில் சிவப்புத் துணி கட்டினார்கள். அதற்குப் பிறகு எங்கள் வத்தையில் பாகம் என்றால் கயிற்றில் உள்ள முடிச்சுதான். அப்பாவே கையை விரித்து அளந்தாலும் முடிச்சோடு ஒத்துப்பார்த்துக்கொள்வார். சித்தப்பாவுக்கு ஏன் தன் கையை அளவாக எடுக்கவில்லை என்ற வருத்தம் கொஞ்ச நாள் இருந்தது. இருந்தும் இருளில் விரலால் தடவி முடிச்சை எண்ணும்போது, இரண்டு பேரும் ஒரே எண்ணைத்தான் சொன்னார்கள்.

உங்கள் சுற்றறிக்கை தொல்காப்பியத்தைத் துணைக்கு அழைக்கிறது. "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்ற நூற்பாவை எடுத்துக்காட்டி, சொல்லுக்கும் பொருளுக்கும் வெளிப்படையான காரணத் தொடர்பு இல்லையென்பதால் யார் எந்தப் பொருளை வைத்தாலும் தவறில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி சரி. இந்தப் பொருளுக்கு இந்தச் சொல் ஏன் வந்தது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாதுதான். அப்பாவின் கைதான் அளவாக வேண்டும் என்று கடல் சொல்லவில்லை. சித்தப்பாவின் கையையும் எடுத்திருக்கலாம். காரணம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் உடன்பாடு உயிர்நாடியாகிறது. முடிச்சை எங்கே போடுவது என்பதில் இயற்கைக் கட்டாயம் இல்லையென்றால், போட்ட முடிச்சை ஒருவர் மட்டும் இரவோடு இரவாக நகர்த்தலாம் என்று ஆகிவிடாது. பின்னால் வந்த நன்னூல் இதைத்தான் மரபு என்கிறது: எப்பொருளை எச்சொல்லால் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினரோ, அப்படிச் செப்புதல். 'உயர்ந்தோர்' யார் என்பதில் எனக்குச் சண்டை உண்டு. அது வேறு நாளைக்கு. ஆனால் 'செப்பினர்' பன்மை என்பதைக் கவனியுங்கள்.

இருபதாம் நூற்றாண்டுத் தத்துவவாதி விட்கென்ஸ்டைனையும் அழைத்திருக்கிறீர்கள். சொல்லின் பொருள் அதன் பயன்பாட்டில் இருக்கிறது என்று அவர் சொன்னார், ஆகவே என் பயன்பாடு என் பொருள் என்று போகிறது உங்கள் வாதம். இது அவரைத் தலைகீழாகப் படிப்பது. அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து 1953இல் வெளிவந்த அதே நூலில்தான், ஒருவருக்கு மட்டுமே விளங்கக்கூடிய மொழி ஒன்று இருக்க முடியுமா என்று கேட்டு, அந்த எண்ணம் நிற்காது என்று காட்டுகிறார். ஆளுக்கொரு பெட்டி, உள்ளே இருப்பதை எல்லோரும் 'வண்டு' என்கிறார்கள், அடுத்தவர் பெட்டிக்குள் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. அப்படியானால் பெட்டிக்குள் என்ன இருந்தாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும், 'வண்டு' என்ற சொல்லின் புழக்கத்தில் அதற்கு இடமில்லை என்கிறார் அவர். அவர் பேசிய பயன்பாடு பலர் சேர்ந்து புழங்கும் பயன்பாடு. அவர் பெயரை வைத்து ஆளுக்கொரு பெட்டியைப் பூட்டிக் கொடுத்திருக்கிறீர்கள்.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. 'சுதந்திரம்' பற்றிய உரையாடல் மூன்று மாதம் இழுத்தது. ஒருவர் ஆசையிலிருந்து விடுபடுவதைப் பேசினார். ஒருவர் 1947ஐப் பேசினார். பத்திரத்தில் "சர்வ சுதந்திரமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று எழுதி எழுதிக் கை பழகிய நான், முழு உடைமையைப் பேசினேன். யாரும் யாரோடும் பேசவில்லை. அந்தச் சலிப்பில் பிறந்ததுதான் இந்த விதி. ஆனால் அந்த நோய்க்கு இது மருந்தில்லை. அன்று மேடையில் இருந்த மூன்று பொருளும் ஊர் அறிந்த பொருள்கள். அவற்றை அரை மணி நேரத்தில் பிரித்து வைத்திருக்கலாம்.

அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் 1907இல் வெளியிட்ட சொற்பொழிவு நூலில் ஓர் அணில் வருகிறது. மரத்தின் ஒரு பக்கம் அணில், மறுபக்கம் மனிதன். மனிதன் மரத்தைச் சுற்றுகிறான். அணிலும் அவன் கண்ணில் படாமல், வயிற்றை அவன் பக்கம் வைத்தபடியே சுற்றுகிறது. மனிதன் அணிலைச் சுற்றினானா, இல்லையா? கூட்டம் இரண்டுபட்டு நிற்கிறது. ஜேம்ஸ் தீர்த்துவைக்கிறார்: சுற்றுவது என்றால் அணிலுக்கு வடக்கே, கிழக்கே, தெற்கே, மேற்கே போவது என்று கொண்டால் சுற்றினான், அதன் முன்னே, வலத்தே, பின்னே, இடத்தே போவது என்று கொண்டால் சுற்றவில்லை. அவர் புதிதாக ஒரு பொருளைப் படைக்கவில்லை. மக்கள் வாயில் ஏற்கெனவே இருந்த இரண்டு பொருளைப் பிரித்துக் காட்டினார், அவ்வளவுதான். கேட்டவர்கள் 'நான் இதைச் சொன்னேன், நீ அதைச் சொன்னாய்' என்று தம் சொல்லைத் தாமே அடையாளம் கண்டுகொள்ள முடியும். அந்த வேலையைத்தான் நம் அரங்கு செய்ய வேண்டும்.

ஊர் வழக்கில் உள்ள பல பொருளையும் ஒருவரின் தனிப்பொருளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. மரிக்கொழுந்து என்றால் மதுரையில் பூக்கட்டும் பெண்ணின் கைக்கு வருவது வாசனைத் தழை. நம் கரையில் அதே சொல்லுக்குக் கடலுக்கடியில் பாறையைப் பிடித்து வளரும் பாசி என்றும் பொருள். கஞ்சிப்பாசி வேறு, கட்டக்கோரை வேறு, மரிக்கொழுந்து வேறு என்று நீருக்குள் கண் திறந்து பிரித்து எடுக்கத் தெரிந்தவர்கள் அந்த அம்மாவைப் போன்றவர்கள். நீங்களும் நானும் அந்தச் சொல்லைச் சொல்லும்போது, சரியான பொருளுக்கு அவர்களைத்தான் நம்பியிருக்கிறோம். தங்கம் என்று எல்லோரும் சொன்னாலும் உரசிப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டியிருப்பதை வைத்து, சொல்லின் பொருளில் ஒரு சமூகத்துக்குள் வேலைப் பங்கீடு இருக்கிறது என்று தத்துவவாதி ஹிலாரி பட்னம் 1975இல் எழுதினார். அந்தப் பங்கீட்டில் கடலைப் பற்றிய சொற்களுக்கு முதல் சாட்சியாக இருக்க வேண்டியவரைத்தான், 'கேள்வி கேட்க விதி இடம் தரவில்லை' என்று உட்கார வைத்தீர்கள்.

தனி வரையறையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சொல்லின் உள்ளடக்கத்தை மாற்றிவிட்டு, அதன் மேல் மக்களுக்குள்ள மரியாதையை மட்டும் அப்படியே பயன்படுத்திக்கொள்வது. தத்துவவாதி சார்லஸ் ஸ்டீவன்சன் 1938இல் இதைத் தனியாக ஆராய்ந்து, இணங்கவைக்கும் வரையறை என்று பெயர் வைத்தார். நம் மேடைகளில் இதை அடையாளம் காண்பது எளிது. 'உண்மையான', 'மெய்யான' என்ற அடைமொழி முன்னால் வரும். உண்மையான அன்பு, உண்மையான பக்தி, உண்மையான உழைப்பு. கேட்பவரின் அன்பும் பக்தியும் உழைப்பும் அந்த ஒரே அடைமொழியில் பொய்யாகிவிடும். கூலித் தகராறுகளிலும் இதைப் பார்த்திருக்கிறேன். 'செலவு போக மீதியில் பங்கு' என்று பேசிக் கடலுக்குப் போவார்கள்; நல்ல மீன்பாடு கிடைத்துக் கரைக்கு வந்ததும், செலவு என்றால் வலை தைத்த கூலியும் சேர்த்துத்தான் என்று புதுப்பொருள் முளைக்கும். சொல்லின் பொருளை மீன் விலை போன பிறகு சொல்வதும், அவையின் வாயைக் கட்டிவிட்டு முன்னால் சொல்வதும், பாதிக்கப்படுகிறவருக்கு ஒன்றுதான்.

பழைய சொல்லுக்குப் புதுப்பொருள் தரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வள்ளுவர் தந்திருக்கிறார். "வாய்மை எனப்படுவது யாதெனின் யாதொன்றும் தீமை இலாத சொலல்" என்றார். நடந்ததை நடந்தபடி சொல்வதுதான் வாய்மை என்றிருப்பவரை இது உலுக்குகிறது. ஆனால் அவர் அதைச் செய்த விதத்தைப் பாருங்கள். 'எனப்படுவது' என்கிறார், ஊர் வழங்கும் சொல்லைத்தான் தொடுகிறேன் என்று ஒப்புக்கொண்டே தொடங்குகிறார். அடுத்த குறளிலேயே, குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று, தம் வரையறையின் மிகக் கடினமான விளைவைத் தாமே எடுத்து நம் முன் வைக்கிறார். எதிர்த்துக் கேட்கிறவனுக்குக் கேள்வியைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசுகிறார். நம் மேடைப் பேச்சாளருக்கு மட்டும் ஏன் கேள்வியிலிருந்து காப்பு?

நான் கேட்பவை இவை.

அந்த விதியை நீக்குங்கள். சொல்லுக்குத் தனிப்பொருள் வைக்க விரும்பும் பேச்சாளர் அதைத் தொடக்கத்திலேயே சொல்லட்டும். வழக்கத்தில் உள்ள பொருள் ஏன் போதவில்லை என்று காரணமும் சொல்லட்டும். அதன் மேல் கேள்வி கேட்க அவையினருக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். அவை ஒப்பவில்லையென்றால் பேச்சாளர் வேறு சொல்லைத் தேடிக்கொள்ள வேண்டும். தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. 'ஆவண உடைமை' என்று சொல்லியிருந்தால் அன்று யாருக்கும் காயமில்லை.

தனிப்பொருளில் நடந்த வாதத்தின் முடிவைக் குறிப்பேட்டில் எழுதும்போது, அந்த வரையறையை முடிவோடு ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். சென்ற மாதக் குறிப்பை இந்த முறையில் திருத்துங்கள். இந்த ஆண்டின் முடிவுகளைச் சிறு நூலாக்கிக் கல்லூரிகளுக்கு அனுப்பப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். திருத்தம் ஏறும் வரை அந்த அச்சுவேலையை நிறுத்தி வையுங்கள்.

கடைசியாக, அந்த அம்மாவுக்கு முறையாக அழைப்பு அனுப்புங்கள். பாம்பனிலிருந்து வந்துபோகும் பஸ் செலவையும், அன்று அவர் இழக்கும் கூலியையும் அரங்கின் நிதியிலிருந்து கொடுங்கள். நிதியில் இடமில்லையென்றால் நான் தருகிறேன். அடுத்த கூட்டத்தில் முதல் பேச்சு அவருடையதாக இருக்கட்டும். அவர் கேட்ட அதே கேள்வியை மறுபடி கேட்கட்டும். அதே பேச்சாளர் எழுந்து நின்று பதில் சொல்லட்டும்.

இந்த மடலுக்குக் கூட்ட நாளுக்கு முன்பே எழுத்தில் பதில் வேண்டும். பதில் எதுவானாலும் கூட்டத்துக்கு நான் வருவேன். இந்த முறை எழுந்து நிற்பேன்.

இப்படிக்கு,
அரங்கின் தொடக்க நாள் முதல் உறுப்பினனான
பத்திர எழுத்தன்,
ராமநாதபுரம்